முன் பிரேக்

கரோலினுக்கு அந்த சைக்கிள் கிடைத்தபோது வயது முப்பத்திரண்டு. கொரோனா முடிந்து ரயில்கள் மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்த வருடம் அது. கோலார் தங்கச் சுரங்கப் பகுதியில், சாம்பியன் ரீப்ஸில் பழைய மைனிங் குவார்ட்டர்ஸ் ஒன்றில் அம்மாவோடு இருந்தாள். மாரிகுப்பத்திலிருந்து வரும் காலை ரயிலில் ஏறி பெங்களூர் போய், ஃப்ரேசர் டவுன் பக்கம் வெளிநாட்டு சைக்கிள்கள் விற்கும் ஒரு கடையில் வேலை செய்தாள். பில் போடத்தான் சேர்ந்தாள். பெட்டியில் வந்து இறங்கும் சைக்கிள்களை மாட்டுகிற ஆள் ஒருநாள் வராமல் போகவே, இவள் தரையில் உட்கார்ந்து மாட்டினாள். அதன்பிறகு அவளை யாரும் பில் மேஜைக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. கோணிய சக்கரத்தைக் கம்பி கம்பியாக முறுக்கி நேராக்குவதில் அவளுக்கு இருந்த பொறுமை அங்கே வேறு யாருக்கும் இல்லை.

அந்த சைக்கிளை ஒரு வெளிநாட்டுக்காரர் ரிப்பேருக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. பார்ப்பதற்கே விநோதமாக இருக்கும். சீட் கிடையாது. உட்கார்ந்து ஓட்டுவதற்கானதல்ல அது. சிறிய சட்டம், அகலமான ஹாண்டில், தடித்த டயர். கல்மேல் ஏறுவது, ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது, பின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு முன் சக்கரத்தில் மட்டும் நின்று துள்ளுவது என்று வித்தைகள் செய்வதற்காகவே செய்த வண்டி. ட்ரயல்ஸ் சைக்கிள் என்பார்கள். இரண்டு வருடம் மூலையில் கிடந்ததை முதலாளி இரும்புக்குப் போடப் போனபோது, கரோலின் கேட்டாள். எடுத்துக்கொண்டு போ என்றுவிட்டார். சக்கரங்களைக் கழற்றி, சட்டத்தைச் சாக்கில் சுற்றி, லேடீஸ் பெட்டியில் காலடியில் போட்டு எடுத்து வந்தாள்.

அன்று எதிரில் உட்கார்ந்திருந்தது வாணி. இருவரும் ஏழு வருடமாக ஒரே பெட்டி. வாணி கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுவாள். கிருஷ்ணராஜபுரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் ரிசப்ஷனில் இருந்தாள். கரோலினைவிட மூன்று வயது சின்னவள். பள்ளியில் படிக்கும்போது மாவட்ட அளவில் கோகோ விளையாடியவள். கணவன் மனோகர் பங்காருப்பேட்டையில் ஓர் அரிசி மண்டியில் சூப்பர்வைசர். குழந்தை இல்லை. சாக்குக்குள் என்ன என்று வாணி கேட்டாள். கரோலின் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். அதில் ஓர் ஐரோப்பியப் பெண் முன் சக்கரத்தில் நின்றபடி, கொக்கு தத்துவதுபோல் ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குத் தத்திப் போனாள். வாணி அதை மூன்று தடவை பார்த்தாள். பிறகு, தானும் வரலாமா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கரோலின் சர்ச்சில் காலைப் பூசை முடித்ததும் இருவரும் போவார்கள். மூடிப்போன மில் ஒன்றின் சிமெண்டுத் தளம் ஊருக்கு வெளியே கிடந்தது. கூரையும் சுவரும் போய்விட்டிருந்தன. யந்திரங்கள் நின்றிருந்த இடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை மட்டும் மிச்சம். அதற்கு ஒரு பக்கம் சாய்வாக ஏறலாம். காற்றடித்தால், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டிலிருந்து வெள்ளைப் பொடி பறந்து வந்து வாயில் படியும். மாடு மேய்ப்பவர்களைத் தவிர ஆள் வராத இடம். இரண்டு பெண்கள் சீட் இல்லாத சைக்கிளோடு விழுந்து எழுவதைப் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை என்பதே கரோலினுக்குப் பெரிய நிம்மதி.

சொல்லித்தர ஆள் இல்லை. வீடியோவைப் பார்த்து, நிறுத்தி, மறுபடி பார்த்துத்தான் கற்றார்கள். முதலில் பெடல்மேல் எழுந்து நின்று, உருளாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அதற்கே ஒரு மாதம் ஆனது. அடுத்தது, மெதுவாக உருண்டு வந்து, முன் பிரேக்கை ஒரு விரலால் பிடித்து, இடுப்பை ஹாண்டிலுக்கு மேலே தள்ள வேண்டும். பின் சக்கரம் தானாக எழும். எழும்போது உடம்பு பயந்து பின்னால் போகும். போனால் சக்கரம் கீழே விழுந்துவிடும். போகாமல் இருக்க வேண்டும். கவிழப் போகிறோம் என்கிற இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் ஒரு புள்ளி இருக்கிறது. அங்கே போய் நின்றுவிட்டால் வண்டிக்குக் கனமே இருக்காது. தாண்டிவிட்டால், சைக்கிளைப் பின்னால் விட்டுவிட்டு ஹாண்டிலுக்கு மேலாகக் குதித்துக் காலில் இறங்க வேண்டும். குதிக்கப் பழகாமல் மற்றதைப் பழகக் கூடாது என்று கரோலின் கண்டிப்பாக இருந்தாள். ஹெல்மெட் இல்லாமல் ஏறவே கூடாது என்பதிலும்.

கரோலினுக்கு, பின் சக்கரம் இடுப்பு உயரம் எழுந்து இரண்டு எண்ணும் வரை நிற்க ஐந்து மாதம் பிடித்தது. தொடையெல்லாம் நீலம் பாய்ந்தது. வாணி அதைத் தொடங்கிய மூன்றாவது வாரமே அப்படி நின்று காட்டினாள். எப்படி என்று கரோலின் கேட்டதற்கு அவளால் விளக்க முடியவில்லை. கோகோவில் கம்பத்தைப் பிடித்துத் திரும்பும்போது உடம்பு ஒரு கணம் காற்றில் தொங்கும், அதே மாதிரிதான் என்றாள். கரோலின் ஓட்டும்போது பக்கத்தில் நின்றுகொண்டு, "தோள இறுக்காதக்கா, தோள இறுக்காத" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். கரோலினுக்குத் தோள் இறுகிக்கொண்டேதான் இருந்தது.

ஒரு வருடத்தில் வாணி முன் சக்கரத்தில் நின்றபடி துள்ளத் தொடங்கினாள். பிரேக்கை விடாமல் முழங்காலை மடக்கி எம்பினால், சக்கரம் ஒரு சாண் நகர்ந்து மறுபடி ஊன்றும். இரண்டு துள்ளல், நான்கு, கடைசியில் ஒன்பது. மனோகர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனான். பிறகு ரயில்வே கேட்டில் கரோலினைப் பார்த்தபோது, தன் மனைவி இவ்வளவு சந்தோஷமாக இருந்து தான் பார்த்ததில்லை என்று மட்டும் சொன்னான்.

கரோலின் எடுத்த வீடியோக்கள் லேடீஸ் பெட்டியில் கைக்குக் கை போயின. அதுவரை "சைக்கிள்காரி" என்றால் கரோலின். இப்போது பெட்டியில் யாராவது சைக்கிள்காரி எங்கே என்று கேட்டால் கோரமண்டல் வரட்டும் என்று பதில் வந்தது. கடைக்கு வருகிற பெங்களூர் சைக்கிள் கூட்டத்தார்கூட அந்த வீடியோக்களைப் பார்த்திருந்தார்கள். மார்ச் மாதம் ஒரு விழா நடக்கப்போகிறது, அந்தப் பெண்ணை அழைத்து வர முடியுமா, நீங்களும் மெக்கானிக்காகக் கூட வாருங்கள் என்றார்கள். கரோலின் சரி என்றாள். வாணியிடமும் சொன்னாள். வாணி அவளைக் கட்டிக்கொண்டாள்.

தனக்குள் இருந்தது பொறாமை என்று அப்போது கரோலினுக்குத் தோன்றவில்லை. சைக்கிள் என்னுடையது என்பது மட்டும் அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது.

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வாணி பிரேக் வழுக்குகிறது என்றாள். உண்மைதான். மில் தளத்தின் பொடி ரிம்மில் படிந்து மழமழவென்று ஆக்கியிருந்தது. இரண்டு விரலால் முழு பலத்தோடு பிடித்தால்தான் நின்றது. இதற்கு ட்ரயல்ஸ் ஓட்டுகிறவர்கள் செய்வது, ரிம்மின் பக்கவாட்டைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்குவது. கரோலின் முன் சக்கரத்தைக் கடைக்கு எடுத்துப் போனாள். சனிக்கிழமை மதியம் சாய்வுக் கோடுகளாக, ஒரே ஆழத்தில், சுற்றிலும் கீறினாள். நல்ல வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சக்கரத்தை மாட்டி முற்றத்தில் ஓட்டிப் பார்த்தாள். ஒரு விரலால் லேசாகத் தொட்டதும் முன் சக்கரம் செத்ததுபோல் நின்றது. அவளே ஹாண்டில்மேல் போய் மோதிக்கொண்டாள். நாளைக்கு வாணியிடம் முதலில் இதைச் சொல்ல வேண்டும், தரையில் பத்து தடவை பிடித்துப் பழகிய பிறகுதான் மேடைக்கு விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போய்ச் சேர்ந்தபோது வாணி முன்பே வந்து கைகால்களை உதறிக்கொண்டிருந்தாள். கரோலின் வாயைத் திறப்பதற்குள் சைக்கிளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஓட்டட்டுமா என்று கேட்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "நீ வீடியோ எடுக்கா" என்றாள்.

கரோலின் போனை எடுத்தாள். சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். வாணி சாய்வில் ஏறி மேடைக்குப் போனாள். அந்தக் கோடியில் திரும்பினாள். ஒரே இடத்தில் நின்று மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு மேடையின் விளிம்பை நோக்கி மெதுவாக உருண்டு வந்தாள். இது முழுவதும் கரோலினுக்கு ஞாபகம் இருந்தது. பிரேக் ஞாபகம் இருந்தது. ஒருமுறை பயந்துகொள்ளட்டும் என்று நினைத்தாள். முட்டி சிராய்த்துக்கொண்டு எழுந்து வரட்டும், அப்புறம் சொல்லலாம். அதற்கு மேல் அவள் எதையும் நினைக்கவில்லை.

வாணி வழக்கம்போல் இரண்டு விரலால் பலமாகப் பிடித்தாள். பின் சக்கரம் எழவில்லை, அறைந்ததுபோல் மேலே வந்தது. குதிக்க நேரமில்லை. விளிம்பைத் தாண்டி, தலைகீழாகத் தரைக்குப் போனாள். ஹெல்மெட் உடையவில்லை. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுத்து எலும்பு முறிந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது வாணி கண்களைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தாள். ரத்தம் இல்லை. கால் எங்கே என்று கேட்டாள். கரோலின் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, இதோ இருக்கிறது, பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். எங்கே என்று வாணி மறுபடி கேட்டாள்.

கோலாருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அன்று மதியமே பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் நடந்தது. இரண்டு மாதம் கழித்து வாணி வீட்டுக்கு வந்தபோது, அவளால் தலையைத் திருப்ப முடிந்தது, தோளைக் குலுக்க முடிந்தது, வலது முழங்கையைக் கொஞ்சம் மடக்க முடிந்தது. விரல்கள் அசையவில்லை. மார்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. போகப்போக இன்னும் கொஞ்சம் அசைவு திரும்பி வரலாம் என்றார் டாக்டர். எவ்வளவு என்று சொல்லவில்லை. மனோகர் மண்டி வேலையை விட்டான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். அலாரம் வைத்துக்கொண்டு புரட்டினான்.

கரோலின் ஒவ்வொரு ஞாயிறும் போனாள். பத்து மணிக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். அந்த ஒரு நாளில்தான் மனோகர் வெளியே போவான், தூங்குவான், முடி வெட்டிக்கொள்வான். கரோலின் வாணியைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், மூத்திரப் பையை மாற்றினாள், விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். விழுந்ததைப் பற்றி வாணி பேசுவதில்லை. தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டதாகவே அவள் நினைத்திருந்தாள். ஒருமுறை மட்டும், அன்னிக்கி நான் ரொம்ப முன்னாடி போயிட்டேன் போலிருக்கு என்றாள். கரோலின் அவள் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டாள்.

ஊரில் கரோலினுக்கு நல்ல பெயர் வந்தது. கூடப் பிறந்தவர்கள்கூட இப்படிப் பார்க்க மாட்டார்கள் என்றார்கள். அடுத்த வருடத் தவக்காலத்தில் ஃபாதர் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவளைச் சுட்டிக்காட்டினார்; கோயிலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா பெருமையோடு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கரோலின் முழங்காலில் இருந்தபடியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீடியோ அவளிடம் இருந்தது. மொத்தம் பத்தொன்பது நொடி. பொத்தானை அழுத்தியதிலிருந்து வாணி பிரேக்கைப் பிடிக்கும் வரை பதினோரு நொடி. பதினோரு நொடியில் என்ன சொல்லியிருக்கலாம் என்று அவள் ரயிலில் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாள். வாணி நில்லு, பிரேக் புடிக்கும், மெதுவா தொடு. மூன்று நொடிகூட ஆகவில்லை.

சைக்கிளை உடைத்துப் போட்டுவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். சுத்தியலோடு போய் அதன் எதிரில் உட்கார்ந்தும் பார்த்தாள். உடைக்கவில்லை. வாணி விழுந்து நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, விடிந்ததும், யாருக்கும் சொல்லாமல் அதைத் தள்ளிக்கொண்டு மில் தளத்துக்குப் போனாள். அதே ரிம், அதே பிரேக். தரையில்தான் ஓட்டினாள், மேடைக்குப் போகவில்லை. ஒரு விரலால் தொட்டு, இடுப்பை முன்னால் கொடுத்தாள். பின் சக்கரம் எழுந்தது. அந்தப் புள்ளியில் போய் நின்றபோது தலைக்குள் எதுவும் இல்லை. வீடியோ இல்லை, பதினோரு நொடி இல்லை. கவிழாமல் இருப்பது மட்டும்தான் இருந்தது. சக்கரம் கீழே வந்ததும் எல்லாம் திரும்பி வந்தது.

அதனால் மறுபடி மறுபடி ஏறினாள். ஒவ்வொரு ஞாயிறும் விடியலில் மில் தளம், பிறகு பூசை, பிறகு வாணியின் வீடு. விழுந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தவளுக்கு வித்தை சீக்கிரம் வந்தது. தோள் இறுகவில்லை. நான்கு துள்ளல், ஒன்பது, பதினைந்து. ஒன்பதைத் தாண்டிய அன்று அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து அன்று முழுவதும் அவளால் வாணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னாள். ஆண்டவர் மன்னிக்கிறார் என்றார் அவர். ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னாள். ஆண்டவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றியது.

வாணி விழுந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆன ஒரு ஞாயிறு மதியம், மனோகர் ராபர்ட்சன்பேட்டைக்கு மருந்து வாங்கப் போயிருந்தான். கரோலின் சாதம் ஊட்டி வாயைத் துடைத்துவிட்டு, தட்டைக் கீழே வைத்தாள்.

"வாணி, அன்னிக்கி நீ தப்பா ஒன்னும் பண்ல. சனிக்கிழம நான் ரிம்ம கிரைண்டர்ல தேச்சு வெச்சிருந்தேன். லேசா தொட்டாலே புடிக்கும்னு எனக்குத் தெரியும். உங்கிட்ட சொல்லல."

வாணி அவளைப் பார்த்தாள். "மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாணி அந்தக் கதவைத் திறந்துதான் வைத்தாள்.

"இல்ல. ஞாபகம் இருந்துச்சு."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வாணி அதைப் பார்த்தபடி கேட்டாள். "சொல்றதுக்கு எவ்ளோ நேரம் இருந்துச்சு?"

"பதினோரு செகண்டு."

"அப்பறம் ஏன்?"

"நீ கேக்காம சைக்கிள வாங்கிகின. ஒரு தபா பயந்துக்கட்டும்னு நெனச்சேன். நீ விழுந்து முட்டி பேத்துக்குவன்னுதான் நெனச்சேன். இப்டின்னு நெனக்கல."

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது, நின்றது. பிறகு வாணி வேறொன்றைக் கேட்டாள்.

"நீ இப்ப ஓட்றியா?"

"ஓட்றேன்."

"முன்னாடி நின்னு எத்தன?"

"இருபத்திரெண்டு."

"தோளு?"

"இறுக்கறதில்ல."

வாணியின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. அவளால் துடைத்துக்கொள்ள முடியாது. கரோலின் துணியை எடுத்தாள்.

"தொடாத." குரல் உயரவில்லை. "இத இன்னாத்துக்கு எங்கிட்ட சொன்ன? உனக்கு எறங்கிடுச்சி. நான் யாருகிட்ட எறக்குவேன்? அந்தாளுகிட்ட சொன்னா அவரு உன்ன ஏதாவது பண்ணிடுவாரு. இல்லன்னா தூக்கம் இல்லாம செத்துடுவாரு. இத்தன நாளா நான் விழுந்தேன்னு நெனச்சிகினு கெடந்தேன். அது நல்லா இருந்துச்சு."

கரோலின் துணியை மடித்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"நீ இனிமே வராதக்கா" என்றாள் வாணி.

மனோகர் வரும் வரை கரோலின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வாணியைத் தனியாக விட முடியாது. நடுவில் ஒருமுறை புரட்டிவிட வேண்டிய நேரம் வந்தது. உள்ளே போய், புரட்டிப் படுக்கவைத்துவிட்டு மறுபடி வெளியே வந்தாள். மனோகர் வந்ததும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு விடியலில் மில் தளத்தில் ஏறிப் பார்த்தாள். பின் சக்கரம் எழுந்தது. ஆனால் அந்தப் புள்ளியில் இப்போது வாணியின் குரல் இருந்தது. ஒரு துள்ளலில் இறங்கிவிட்டாள். மூன்று ஞாயிறு முயன்றாள். நான்காவது வாரம் சைக்கிளைப் பிரித்து, ரிம்மை மட்டும் தனியாக எடுத்து, கடையில் இரும்புக்குப் போகும் குவியலில் தன் கையாலேயே போட்டாள். மற்ற பாகங்களைச் சாக்கில் கட்டி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் காலியாகக் கிடந்தன. வாணி வீட்டுக்கு ஏன் போவதில்லை என்று அம்மா கேட்டாள். கடையில் வேலை அதிகம் என்றாள் கரோலின். லேடீஸ் பெட்டியிலும் கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்தினார்கள். யாரோ ஒருத்தி, எவ்வளவு நாளைக்குத்தான் செய்வாள், அவளும் மனுஷிதானே என்று ஆதரவாகப் பேசினாள். அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் சாம்பியன் ஸ்டேஷனில் மனோகர் காத்திருந்தான். கரோலின் இறங்குவதைப் பார்த்து எழுந்து வந்தான். மெலிந்திருந்தான். சட்டைக்காலர் கிழிந்திருந்தது. வாணியைக் கேட்டால் அக்காவுக்கு வேலை என்கிறாள், வேறு ஒன்றும் சொல்வதில்லை என்றான். வாணியை அக்கம்பக்கத்தில் யாரிடமும் விட முடியவில்லை, இப்போதும் ஒருவரைக் கெஞ்சி ஒரு மணி நேரத்துக்கு உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றான்.

"மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம வந்தாகூட போதும் கரோலின். உங்கள பாத்தா அவளுக்கு கொஞ்சம் தெம்பா இருக்கும்."

கரோலின் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், மனோகருக்குத் தெரியக் கூடாதென்று வாணி தனக்குள்ளேயே வைத்திருப்பதை இவள் கெடுத்ததாகும்.

"முடியாதுண்ணா. கடையில ஞாயித்துக்கெழமையும் வர சொல்றாங்க."

அவன் நம்பவில்லை. "எல்லாரும் ஒருநாளு நின்னுடுவாங்கன்னு எனக்குத் தெரியும். எங்க ஆளுங்களே வரதில்ல. நீங்க நிப்பீங்கன்னு மட்டும் நான் நெனக்கல." கிழிந்த காலரை உள்ளே மடித்துவிட்டுக்கொண்டான். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு நடந்து போனான்.

அவன் வெறுப்போடுதான் போனான். அந்த வெறுப்பு தவறான காரணத்துக்காக என்றாலும், சேர வேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறது என்று கரோலினுக்குத் தோன்றியது. அவள் வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, துணி துவைத்து, படுத்தாள்.

அதன்பிறகு அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் அரைகுறைதான். மனோகரின் அக்கா வந்து தங்கியிருக்கிறாள் என்றார்கள். வேலூரில் ஒரு மருத்துவமனையில் தெரபிக்கு மாதம் ஒருமுறை போகிறார்கள் என்றார்கள். கரோலின் விசாரிக்கவில்லை, தானாகக் காதில் விழுந்ததை மட்டும் வைத்துக்கொண்டாள். கடையில் அவளை ஹெட் மெக்கானிக் ஆக்கினார்கள். பிரேக் வேலை எதுவாக இருந்தாலும், வண்டியை ஒப்படைப்பதற்கு முன் வாடிக்கையாளரை ஓரமாகக் கூப்பிட்டு, எவ்வளவு பிடிக்கும், எப்படித் தொட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்வாள். சிலர் பொறுமையில்லாமல் தலையாட்டுவார்கள். மூன்றாவது தடவையும் சொல்வாள்.

போன நவம்பரில் ஒருநாள் மாலை ரயில் பங்காருப்பேட்டையில் நின்றுகொண்டிருந்தது. எதிர் பிளாட்பாரத்தில் காட்பாடி பக்கம் போகிற வண்டிக்குக் கூட்டம் காத்திருந்தது. கூட்டத்துக்கு நடுவே சக்கர நாற்காலியில் வாணி இருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் பையோடு நின்றாள். மனோகர் தண்ணீர் பாட்டிலோடு குழாயடியிலிருந்து வந்துகொண்டிருந்தான். வாணியின் தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். காற்றில் ஒரு கற்றை முடி அவள் கண்ணில் விழுந்தது. அவள் வலது கையைத் தூக்கினாள். அது மெதுவாக, நடுங்கி நடுங்கி, முகம் வரை வந்தது. மணிக்கட்டின் பின்பக்கத்தால் முடியை ஒதுக்கினாள். முதல் தடவை ஒதுங்கவில்லை. மறுபடி செய்தாள். ஒதுங்கியது.

கையை இறக்கும்போது அவள் ஜன்னலில் கரோலினைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சிரிக்கவும் இல்லை. ரொம்ப நாளைக்கு முன்னால் தெரிந்த ஒருவரைப் பார்ப்பதுபோல், ரயில் கிளம்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கரோலின் எழுந்து நிற்கவில்லை, கையும் காட்டவில்லை. மனோகர் பாட்டிலைத் திறந்து வாணியின் வாயருகே கொண்டுபோனபோது ரயில் நகர்ந்தது. பெட்டியில் கரோலினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், யார் அது, தெரிந்தவர்களா என்று கேட்டாள். கரோலின் ஆமாம் என்றாள்.